ஒரிஜினல்

“ஒரு பைசா கட்ட வேண்டாம்மா” என்றார் கல்லூரியிலிருந்து வந்தவர், மறுபடியும்.

சுபிக்ஷாவின் அம்மாவுக்கு அதுதான் இடித்தது.

கட்டச் சொன்னால் பேரம் பேசலாம். கட்டவே வேண்டாம் என்பவரிடம் என்னத்தைப் பேசுவது?

பிளஸ் டூ ரிசல்ட் இப்போதுதான் வந்திருந்தது. மகள் சுபிக்ஷா பள்ளியிலேயே முதல் மார்க். அதை எப்படியோ மோப்பம் பிடித்து, எங்கேயோ இருக்கிற ஒரு தனியார் பொறியியல் கல்லூரியிலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். இனிப்புப் பெட்டி, சால்வை. படிப்பு முடியும்வரை மெரிட் ஸ்காலர்ஷிப்பாம். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஹானர்ஸ் வகுப்பாம். ஏசி போட்ட விடுதி, லேப்டாப்.

மகளுக்குச் சால்வை போர்த்தி போட்டோவும் எடுத்தாயிற்று.

அவள் கணவன் கதிரேசனுக்கு வாயெல்லாம் பல். ஓசியில் கிடைத்தால் ஃபினாயிலையும் குடிக்கிற ஆள்.

அவள் அப்படியில்லை. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றால், அந்த இலவசத்தைத் திருப்பித் தேதி பார்ப்பாள். பெட்ரோல் பங்கில் மீட்டரில் பூஜ்யம் தெரிந்தால்தான் வண்டி மூடியைத் திறக்க விடுவாள். தெருவில் அவளுக்கு சி.ஐ.டி. என்றே பெயர்.

ஆடு நனைகிறதே என்று எந்த ஓநாய் சும்மா அழுதிருக்கிறது?

“ஒரிஜினல் சர்டிபிகேட் மட்டும் இன்னிக்கே குடுத்துருங்க. சீட்டை உறுதி பண்ணிரலாம். நாளைக்குன்னா வேற பிள்ளைக்குப் போயிரும்.”

அதானே.

இந்த மார்க்குக்கு அரசு கவுன்சிலிங்கிலேயே நல்ல கல்லூரி கிடைக்கும் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். கவுன்சிலிங்குக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் ஒரிஜினல் கையை விட்டுப் போய்விட்டால், அந்தச் சீட்டையும் மறந்துவிட வேண்டியதுதான்.

சுபிக்ஷா சால்வையைக் கழற்றாமலேயே உட்கார்ந்திருந்தாள். அந்த முகத்தைப் பார்க்க ஆசையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

வந்தவருடன் ஒரு பெண்ணும் வந்திருந்தாள். கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை. நிரஞ்சனா, மூன்றாம் ஆண்டு.

“இவங்களும் நம்ம ஸ்காலர்ஷிப்ல படிக்கிறவங்கதான்” என்றார் அவர்.

நிரஞ்சனா சிரித்தாள். நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

“சாப்பாடெல்லாம் எப்படிம்மா இருக்கும்?” என்று சுபிக்ஷாவின் அம்மா கேட்டாள்.

அந்தப் பெண் முதலில் அவரைப் பார்த்தாள். அவர் லேசாகத் தலையசைத்தார்.

“ரொம்ப நல்லாருக்கும் ஆன்ட்டி.”

சோறு நன்றாயிருக்கிறது என்று சொல்லக்கூட ஒருவர் தலையாட்ட வேண்டுமா?

அவள் காபி போட எழுந்தாள். “டம்ளர் எடுத்துக் குடும்மா, வா” என்று நிரஞ்சனாவையும் கூப்பிட்டாள்.

சமையலறையில் பால் பொங்கியதும் அடுப்பைத் தணித்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்.

“உனக்கு நெசமாவே சும்மாதானா?”

நிரஞ்சனா குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினாள்.

“ஒரிஜினலைக் குடுத்துராதீங்க ஆன்ட்டி. போன வருசம் எனக்கு மார்க் கொஞ்சம் குறைஞ்சிருச்சு. அதோட ஸ்காலர்ஷிப்பை நிறுத்திட்டாங்க. முழு ஃபீஸையும் கட்டுனாத்தான் சர்டிபிகேட்டுங்கறாங்க. லீவுல இப்படி வீடு வீடா வந்து பேசுனா அதுல கழிச்சுக்குவாங்க.”

தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

“நான் சொன்னேன்னு தெரிஞ்சா என் படிப்பு அவ்வளவுதான்.”

சுபிக்ஷாவுக்கு ஒரு அக்கா இருந்திருந்தால் இந்த வயதுதான் இருக்கும். ஈரக் கையோடு அந்தப் பெண்ணின் தலையைத் தடவினாள்.

“நான் மூச்சு விடமாட்டேன். நீ தைரியமா இரு.”

நிரஞ்சனா குழாயை மூடினாள். தட்டைத் தூக்கிக்கொண்டு, வரும்போது சிரித்த அதே சிரிப்போடு கூடத்துக்குப் போனாள்.

அங்கே கதிரேசன் பீரோவிலிருந்து ஃபைலை எடுத்து வந்திருந்தான். பிறப்புச் சான்றிதழ் முதல் பிளஸ் டூ மார்க் ஷீட் வரை எல்லாம் அதற்குள்தான். அவர் கை நீட்டியிருந்தார். இவன் கொடுக்கப் போனான்.

அவள் நடுவில் புகுந்து பறித்தாள்.

“இப்பத் தர்றதுக்கில்ல. கவுன்சிலிங் முடியட்டும்.”

குரல் தடுமாறவில்லை. ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிள்ளை பிழைத்தாள் என்று நினைத்தபோது உடம்பெல்லாம் லேசானது. கதிரேசன் முறைத்தான், முறைக்கட்டும். சுபிக்ஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை ராத்திரி சொல்லிப் புரியவைத்துக்கொள்ளலாம்.

வந்தவர் கோபப்படவில்லை. ஒரு வாய் காபி குடித்தார். கண் அந்த ஃபைல் மேலேயே இருந்தது.

“இவ்வளவு நேரம் நல்லாத்தானே பேசிட்டிருந்தீங்க. ஏம்மா?”

சொல்ல எத்தனையோ இருந்தது. மாமனாரைக் கேட்கணும், நாள் நல்லாயில்லை, ஹாஸ்டலில் விட மனசில்லை. எதைச் சொல்லியிருந்தாலும் போதும். ஆனால் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்ததும் அவளுக்குப் பதறிவிட்டது. தன்னால் இவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது.

“இந்தப் பொண்ணு எங்கிட்ட ஒண்ணுமே சொல்லல சார்.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

ஃபைலிலிருந்து கண்ணை எடுத்து, மெதுவாக நிரஞ்சனாவின் பக்கம் திரும்பினார்.