சொல்லிக் கொடுத்த சாட்சி

“ஐயா, இவரு கோட்டூர்புரத்துல ஒருத்தியை வச்சிருக்காரு!” என்று கோர்ட்டில் மூக்கைச் சிந்தினாள் தங்கம்.

அவள் புருஷன், தி.நகர் ஜவுளிக்கடை வெள்ளைத்துரை, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒப்புக்கொண்டார். விவாகரத்து கிடைத்தது. கடை, வீடு, கார் அத்தனையும் தங்கத்தின் பெயருக்கு மாறின.

வாசலுக்கு வந்ததும் வெள்ளைத்துரைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“சபாஷ் தங்கம்! நல்லா நடிச்சே. இனி இன்கம்டாக்ஸ்காரன் வந்தா, என் பேர்ல இருக்கிறது இந்த வேட்டி மட்டுந்தான். ஆமா, நான் அடையாறுன்னுதானே சொல்லிக் குடுத்தேன்? கோட்டூர்புரம்னு ஏன் மாத்தினே?”

தங்கம் காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

“பொய்ச் சாட்சி சொல்ல மனசு வரலைங்க. நேத்துதான் அவளை நேர்ல பார்த்துட்டு வந்தேன். கோட்டூர்புரம் பஸ் எதிர்ப்பக்கம் நிக்கும்.”