ஏழு பேர், ஆறு கிழமை

ஜூன் ஆறாம் தேதி, சனிக்கிழமை, காலை பத்தரை மணி. தையல் சங்கத்தின் பின் அறையில் ஏழு சீட்டுகள் குலுக்கிப் போடப்பட்டன. ஆறில் கிழமை எழுதியிருந்தது. ஒன்றில் எதுவும் எழுதவில்லை.

அந்த ஒன்று, கட்டட வேலைக்குப் போய்வந்த சித்தாளுக்கு வந்தது.

அவள் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கமும் வெறுமைதான். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள், ஏதோ கிடைத்துவிட்ட மாதிரி.

புதிதாகத் தொடங்கும் குழுவுக்கு முதல் வருடம் ஒரே ஒரு மெஷின்தான். அது நாளுக்கொரு வீடாகப் போகும். எந்த வீட்டில் இருக்கிறதோ, அன்றைய தையல் அந்த வீட்டுக்காரிக்கு. ஞாயிறு எண்ணெய் போட்டு மூடிவைக்கும் நாள். முன்பு ஒரு குழு ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டிப் பார்த்தது. இரண்டாம் மாதமே மெஷின் பல்லிளித்துவிட்டது.

ஆனால் குழுவாகப் பதிய ஏழு பெயர் வேண்டும். ஆறு போதாது.

“நீ ஒப்புக்குச் சப்பாணிடி,” என்றாள் செவ்வாய்க்கிழமை கிடைத்தவள். கேலியாகத்தான் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

சித்தாள் வேலை பார்த்த கட்டடம் முடிந்து மூன்று மாதம் ஆகிறது. மேஸ்திரி வேறு ஊருக்குப் போய்விட்டார். வீட்டில் மூன்று வாய். மற்ற ஆறு பேருக்கும் கொஞ்சமாவது தைக்கத் தெரியும், இவளுக்குத் தெரியாது. நூலைத் தொட்டால் விரல் வெடிப்பில் மாட்டிக்கொள்ளும். இந்தக் குழுவை விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

பெஞ்சில் உட்கார்ந்து மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள் காஜா அக்கா. சங்கத்தின் தலைவி. சட்டைப் பொத்தானுக்குக் கையால் காஜா எடுத்துத் தொழிலுக்கு வந்தவள். இன்றைக்கு அளவெடுத்து உட்கார்ந்தால் முழுச் சட்டையையும் தைத்து முடித்துத்தான் எழுந்திருப்பாள். ஒட்டிக்கொண்ட பெயர் மட்டும் போகவில்லை.

அது கையால் சுற்றும் மெஷின், மரப்பெட்டி மூடி போட்டது. சங்கத்தில் இப்போது நாற்பது மெஷின்கள் ஓடுகின்றன. இதுதான் முதலாவது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் சங்கத்தைத் தொடங்கியபோது அவர்களும் ஏழு பேர்தான்.

துடைக்கத் துடைக்க, துணிக்கு அடியிலிருந்து அந்தக் காலத்து வீடுகள் ஒவ்வொன்றாக நினைவில் வந்தன.

திங்கள் வீட்டில் நிலை தாழ்வு. குனிந்துதான் நுழைய வேண்டும். செவ்வாய் வீட்டுக்காரர் தூங்குவதாகப் பாவனை செய்துகொண்டே மெஷின் சத்தத்துக்குக் கால் கட்டைவிரலை ஆட்டுவார். புதன் வீடு மாடியில், பதினாறு படி, ஒன்பதாவது படி ஆடும். வியாழன் வீட்டில் மழை வந்தால் மெஷினுக்குத்தான் முதல் குடை, அப்புறம்தான் பிள்ளைகளுக்கு. வெள்ளி வீட்டுக்காரிக்குக் காலர் வைப்பதில் ஈடே கிடையாது, வாயும் அப்படித்தான். சனி வீட்டில் ஒரு நாய். முதல் மாதம் முழுக்கக் குரைத்தது. பிறகு தெருமுனைவரை எதிரே வந்து கூட்டிக்கொண்டு போனது.

அந்த ஆறு வீடுகளில் நான்கு இடிந்து கடைகளாகிவிட்டன. இருந்தும் அவள் கண்ணை மூடினால் கால் தானாகப் போய்விடும்.

சங்கத்தின் செயலாளர் சுறுசுறுப்பானவள். அவள் ஒரு யோசனை சொன்னாள். வெல்டரிடம் சொன்னால் நாலு சக்கரம் வைத்து ஒரு தள்ளுவண்டி செய்து கொடுப்பார். அவரவர் முறை வரும்போது அவரவரே தள்ளிக்கொண்டு போகலாம். யாருக்கும் இடுப்பு ஒடியாது. ஆறு பேரும் உடனே தலையாட்டினார்கள்.

காஜா அக்கா வண்டி வேண்டாம் என்றாள்.

செயலாளர் செலவு அதிகம் இல்லை என்று விளக்கிப் பார்த்தாள். அக்கா மசியவில்லை. சுவரோரம் முணுமுணுப்பு கிளம்பியது. பதவி வந்தால் கை இறுகிவிடும் போலிருக்கிறது என்று ஒருத்தி சொன்னது அக்காவின் காதுவரைக்கும் வந்தது. அவள் ஊசி இருக்கும் இடத்தை ஊதித் துடைத்தாள்.

கடைசியில் புதன்கிழமை கிடைத்தவள் வாய் விட்டே கேட்டாள்.

“ஏன்க்கா, உங்க காலத்துல உங்களுக்கு எந்தக் கிழமை வந்துச்சு?”

அக்கா துணியை நாலாக மடித்து வைத்தாள்.

“எனக்குக் கிழமை வரலைம்மா. நான்தான் தூக்குனேன்.”

அந்த முதல் வருடம் முழுக்க, ஞாயிறு தவிர, தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அக்கா அன்றைய வீட்டுக்குப் போவாள். ஆறு மணிக்கு மெஷினைத் தலையில் ஏற்றி, அடுத்த வீட்டில் இறக்குவாள். கூலி என்று எதுவும் வாங்கியதில்லை. ஐந்திலிருந்து ஆறுவரை மெஷின் அவளுடையது, அதுதான் பேச்சு. அந்த ஒரு மணி நேரம் வீட்டுக்காரி பக்கத்தில் உட்கார்ந்து திட்டிக்கொண்டே சொல்லிக் கொடுப்பாள். காலர் ஒரு வீட்டில், கைப்பட்டி ஒரு வீட்டில், பை வைப்பது ஒரு வீட்டில். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு கைவேலை தெரியும். இரண்டாவது வருடம் ஆறும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

சித்தாள் எழுந்து வந்தாள். மூடி போட்ட மெஷினை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள். தூக்கித் தலையில் வைத்தாள்.

செங்கல்லுக்கு இது தேவலை என்றாள்.

வண்டி செய்யவில்லை. பதிவேட்டில் ஏழாவது பெயருக்கு நேரே, கிழமை எழுதும் கட்டத்தில், செயலாளர் ‘ஆறு நாளும், மாலை ஐந்து முதல் ஆறு வரை’ என்று எழுதினாள்.