மறியல்காரன் மிதித்த மண்

“மறியல் பண்ணவங்கள புடிக்க உளுந்தூர்பேட்டையிலேர்ந்து ஜீப்பு கிளம்பிடுச்சாம். வேலையில இருக்கறவங்கள வுட்டுட்டு, சும்மா குந்திக்கினு இருக்கறவங்களத்தான் ஏத்தறாங்களாம்” என்றாள் அம்சவள்ளி.

அவள் புருஷன் கலியமூர்த்தி திண்ணையிலிருந்து துள்ளி எழுந்தான். சுவருக்கு மண் பூசச் சொல்லி இரண்டு வருஷமாக அவள் நச்சரித்தும் அசையாதவன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழியில் இறங்கினான். செம்மண்ணையும் வைக்கோலையும் சாணியையும் கொட்டி, இடுப்பு ஒடிய மிதித்தான். தெருப்பக்கச் சுவர் முழுக்க அப்பி, கையாலேயே வழவழவென்று இழுத்துவிட்டான்.

பொழுது சாய்ந்தது.

“இன்னாடி, ஜீப்பையே காணோம்?”

அம்சவள்ளி ஈரச் சுவரை ஆசையாகப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“எப்பிடிய்யா வரும்? நம்ப ஊருக்கு இருக்கறதே ஒரு ரோடு. அதுக்குக் குறுக்க புளியமரத்த வெட்டிப் போட்டதே நீதான?”