இறங்கி வரும் பந்து

பேஸ்பால் மட்டை ஒன்றுக்குத் தன் நாட்டின் பெரிய லீக்கில் பிழைப்பு ஓடவில்லை. நேராக வந்து, பக்கத்தில் வந்ததும் சட்டென்று கீழே இறங்கும் பந்தை அதனால் தொடவே முடியாது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அதைக் கடல் கடந்து அனுப்பிவிட்டார்கள்.

புதிய நாட்டில் அப்படிப் பந்து போட யாருக்கும் தெரியவில்லை. மட்டை வெளுத்து வாங்கியது. அதன் படம் போட்ட துண்டுகள் கடைகளில் விற்றன. அதற்கென்றே ஒரு பாட்டுக் கட்டி, மேளம் தட்டிப் பாடினார்கள். பாட்டுச் சத்தம் ஏற ஏற மட்டைக்குப் பயமும் ஏறும். விஷயம் தெரிந்த யாராவது இங்கே வந்துவிட்டால்?

ஒருநாள் வந்தே விட்டது. எதிரணிக்காகப் பந்து பிடிக்க அதன் பின்னால் உட்கார்ந்திருந்தது, பழைய நாட்டுத் தோல் கையுறை.

"என்னைத் தெரிகிறதா?" என்றது மட்டை.

"தெரியாமல் என்ன? அங்கே நீ கோட்டைவிட்டதை எல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான்."

"உங்கள் ஆட்களிடம் சொல்லிவிட்டாயா?"

"சொல்வேனா? இறங்குகிற பந்து என் கையிலும் நிற்காது. அதனால்தான் என்னையும் அனுப்பினார்கள். நீயும் வாயைத் திறக்காதே. இரண்டு பேரும் பிழைத்துக்கொள்வோம்."

மட்டைக்கு மூச்சு வந்தது. மேளம் அதிர்ந்தது. அன்றைக்குத்தான் முதன்முதலாக ஆட வந்திருந்த பந்துவீச்சாளர் கையைச் சுழற்றினார்.

பந்து நேராகத்தான் வந்தது. பக்கத்தில் வந்ததும் மெல்லத் தலையைத் தாழ்த்தியது.