மகாராணியின் முட்டி

"கையை எடுக்காதேன்னு சொல்றேன்ல? தண்ணிக்குள்ளேயே வச்சு நல்லா அமுக்கு!"

வைத்தியத்துக்கென்று வந்து ஊறுகிறவர்கள் நிறைந்த உப்பு ஏரியின் படித்துறை முழுக்கக் கேட்டது அந்தக் குரல். கடைசிப் படியில், இடுப்பளவு தண்ணீரில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள் அந்த அம்மாள். அவள் முட்டியை அமுக்கிவிட்டுக்கொண்டிருந்த பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எரியுதுக்கா..."

"உப்புத் தண்ணி எரியாம இனிக்குமா? இங்க முட்டி வலியில எனக்கு உயிர் போகுது!"

பக்கத்துப் படியில் இருந்த ரிட்டயர்டு டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பார்த்தீங்களா அந்த மகாராணியை? அந்தப் பொண்ணு கையைப் பாருங்க. தோல் வெடிச்சு, செதில் செதிலா உரியுது. அந்தக் கைகிட்டப் போய் வேலை வாங்கறா!"

தண்ணீரில் மல்லாந்து, தக்கை மாதிரி மிதந்துகொண்டிருந்த அவர் கணவர் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"நமக்கெதுக்கும்மா ஊர் வம்பு? வந்தோமா, மிதந்தோமான்னு இரு."

அவருக்கென்ன, சொல்லுவார். மூச்சிரைப்புக்காரர். ஊரில் தெருமுனை வரைக்கும் போய்வரவே நின்று நின்று நடக்கிறவர், தூசி இல்லாத இந்த உப்புக் காற்றில் விடுதியிலிருந்து ஏரிவரை பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வருகிறார். இன்ஹேலர் சட்டைப் பையிலேயே தூங்குகிறது.

டீச்சருக்குத்தான் மனசு ஆறவில்லை. மகாராணிக்குப் பக்கத்து அறை வேறு. காலையிலிருந்து சாயந்திரம் வரை அதிகாரம் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

"ஏரிச் சேத்தை முட்டியில வெறுங்கையாலேயே பூசு. கிளவுஸ் உறுத்துது எனக்கு."

"முழுக்கைச் சட்டை எதுக்கு? அந்த ஈரமெல்லாம் என் மேல சொட்டுது. மடிச்சு விடு."

"சேறு காயற வரைக்கும் எங்கேயும் போகக் கூடாது. பேச்சுத் துணைக்கு ஆள் வேணும்."

பேச்சுத் துணை வெயிலில். மகாராணி மட்டும் குடைக்குக் கீழே.

ஒரு நாள், துணி காயப்போடும் இடத்தில் அந்தப் பெண்ணைத் தனியாகப் பிடித்துவிட்டார் டீச்சர்.

"அவங்க உனக்கு என்ன உறவும்மா?"

"உறவில்ல டீச்சர். எங்க முதலாளியம்மா. பியூட்டி பார்லர் வச்சிருக்காங்க. நான் அங்க முடி வெட்டிக்கிட்டிருந்தேன்."

"இப்போ?"

"கை இப்படி ஆனதும் நானே நின்னுட்டேன். ஒரு கஸ்டமர், 'தொடாதே'ன்னு சொல்லிட்டாங்க. என்னால பார்லருக்குக் கெட்ட பேரு வரலாமா?"

"வேலையை விட்டாச்சு. அப்புறமும் எதுக்கும்மா இந்த அடிமைப் பொழப்பு?"

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க டீச்சர். எனக்குத் தொழில் கத்துக்கொடுத்தவங்க. முட்டி வலியில துடிக்கிறாங்க. 'நீ துணைக்கு வரலைன்னா நான் வைத்தியத்துக்கே போகலை'ன்னு உட்கார்ந்துட்டாங்க. எப்படி விட முடியும்?"

அதற்குமேல் பேச அவளுக்கு நேரமில்லை. வெந்நீர் பிடிக்க வாளியோடு ஓடினாள்.

டீச்சருக்கு ரத்தம் கொதித்தது. இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று விறுவிறுவென நடந்துபோய், அந்த அறைக் கதவைத் தள்ளினார்.

உள்ளே, மகாராணி கட்டில் மேல் ஏறி நின்று, எம்பி எம்பி ஜன்னல் திரையை மாட்டிக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் தொப்பென்று கீழே குதித்தாள்.

"அடிப்பாவி! அப்போ முட்டி வலி?"

"ஸ்ஸ்... கதவைச் சாத்துங்க முதல்ல."

"எதுக்குச் சாத்தணும்? ஒரு அப்பாவிப் பொண்ணை இப்படி ஏமாத்தறீங்களே, நியாயமா?"

"ஆமாங்க, ஏமாத்தறேன்தான்." மகாராணி தானே கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "அவ கையில கத்தரி இருந்தா, எப்பேர்ப்பட்ட முரட்டு முடியும் சொன்ன பேச்சு கேட்கும். அந்தக் கையை டாக்டர்கிட்ட காட்டினேன். யாருக்கும் ஒட்டாத நோய்தானாம். அடியோட போகாது, ஆனா மருந்தோட இந்த ஏரித் தண்ணி, சேறு, வெயில் எல்லாம் சேர்ந்தா நல்லா அடங்கும்னார். 'போயிட்டு வா, செலவை நான் பார்த்துக்கறேன்'னேன். 'ஓசி வைத்தியம் எனக்கு வேணாம்க்கா'ன்னு முகத்தைத் திருப்பிக்கிட்டா. ரோஷக்காரி."

"அதுக்காக?"

"தனக்குன்னா ஒரு அடி நகர மாட்டா. எனக்குன்னா ஓடி வருவா. அதான் முட்டியைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டேன்."

"அவ கண்ணு கலங்கறது தெரியலையா உங்களுக்கு?"

"அவ அழறப்போ எனக்கு மட்டும் நல்லாவா இருக்கு?" மகாராணியின் குரல் இறங்கியது. "ஆனா, நேத்து சாப்பிடறப்போ பார்த்தேன். விரலை முழுசா மடக்கறா. இத்தனை மாசமா முடியாதது."

வெளியே வாளிச் சத்தம். மகாராணி ஒரே தாவாகத் தாவிக் கட்டிலில் விழுந்து, "அம்மாடி!" என்று முனக ஆரம்பித்தாள்.

உள்ளே வந்த பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சண்டை ஏதும் நடந்துவிட்டதோ என்று அவளுக்குப் பயம்.

"என்னாச்சு டீச்சர்?"

டீச்சர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பிறகு, வகுப்பையே அடக்கிய அந்தப் பழைய குரலில் அதட்டினார்:

"எங்கே போனே இவ்வளவு நேரம்? இவங்க முட்டி இருக்கிற லட்சணத்துக்கு, இன்னும் ஒரு மாசம் நீ கூடவே இருந்து பார்த்துக்கிட்டாத்தான் தேறும்!"