வண்டிப் பிரதட்சணம்

"சீக்கிரம் வாங்கோ! மாமா பிரதட்சணம் ஆரம்பிச்சுட்டார்!"

பால்கனியிலிருந்து ஹம்சா கூப்பிட்டாள். சாய்நாத் காபி டம்ளரோடு ஓடி வந்தான்.

கீழே, பக்கத்து ஃப்ளாட் ஸ்ரீரங்கன் தன் புது எஸ்.யூ.வி.யைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். ஒரு கை வண்டிமேல். நிதானமாக, வலமாக. சுற்றி முடித்ததும் வண்டிக்கு முன்னால் நின்று, பம்பரைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி மண்டி போட்டார். தலையைத் தரைவரை தாழ்த்தினார்.

"நமஸ்காரமும் ஆச்சு" என்றான் சாய்நாத். "அடுத்த வாரம் கற்பூரம் காட்டிடுவார் பாரு."

"சிரிக்காதேங்கோ. நேத்து பக்கத்துல போனப்போ காதுல விழுந்தது. 'இருக்கியா?'ன்னு கேக்கறார்."

"யாரை?"

"வண்டியைத்தான்!"

சாய்நாத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. ஸ்ரீரங்கனின் மனைவி போய் எட்டு மாதம்தான் ஆகிறது.

"மாமிகிட்டப் பேசறாரோ?"

"மாமிகிட்டப் பேசணும்னா போட்டோகிட்டன்னா பேசணும்? பம்பர்கிட்ட என்ன பேச்சு?"

அதுதான் புரியவில்லை. புரியாதது இன்னொன்றும் இருந்தது. வண்டி வாங்கிய அன்றே ஸ்ரீரங்கன் காரணம் சொல்லியிருந்தார். "முட்டி மடங்கலைடா. பழைய கார்ல உக்காரறது கிணத்துல இறங்கற மாதிரி இருக்கு. இது நாற்காலி உசரம். அப்படியே நகர்ந்து உக்காந்துடலாம்."

மடங்காத முட்டிக்காக வண்டி வாங்கியவர், வண்டிக்காகத் தினமும் எதற்கு முட்டியை மடக்குகிறார்?

ஒருநாள் லிஃப்டில் சாய்நாத் கேட்டே விட்டான்.

"ஒண்ணுமில்லைடா, பழக்கம்" என்று சொல்லிவிட்டு, ஸ்ரீரங்கன் மாடி நம்பரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மாமா எப்படியோ போகட்டும், அந்த வண்டி சாய்நாத்தை விடவில்லை. ஒரே ஒரு தரம் லஸ் வரைக்கும் அதை ஓட்டிப் பார்த்தான். ஆட்டோக்களெல்லாம் கீழே எங்கேயோ ஊர்ந்தன. பஸ் ஜன்னலில் இருந்தவர்கள் நேருக்கு நேர் முகம் பார்த்தார்கள். இத்தனை வருஷம் மயிலாப்பூரில் யாருக்கோ வழிவிட்டுக்கொண்டே ஓட்டியவன், அன்றைக்கு மற்றவர்கள் வழிவிடுவதைப் பார்த்தான்.

அடுத்த மாதமே அவனும் ஒன்று வாங்கினான். அதைவிடப் பெரியது. கறுப்பு. பானெட் மட்டும் சாப்பாட்டு மேஜை அகலம்.

புதன்கிழமை பூஜை. மாலை போட்டாயிற்று. சந்தனம், குங்குமம் வைத்தாயிற்று. நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று.

மாடிப்படிக்குக் கீழே மிஷின் போட்டுப் புடவைக்கு ஃபால்ஸ் தைக்கும் ஷம்ஷாத், எழுந்து வந்து வேடிக்கை பார்த்தாள். அவள் புடவையைப் பிடித்தபடி இரண்டு வயது ஜுவேரியா.

சாய்நாத் முகம் மாறியது. அவன் குடியிருப்போர் சங்கச் செயலாளர்.

"மறுபடியும் கூட்டிண்டு வந்திருக்கியா? வண்டி வந்து போற இடம்னு போன மாசமே சொன்னேனே. இன்னொரு தரம் பார்த்தா மிஷினைத் தூக்கச் சொல்லிடுவேன்னு சொன்னேனா இல்லையா?"

"வூட்ல பாத்துக்க ஆள் இல்ல சார். மிஷின்கிட்டயே உக்காந்துகினு கீது, எங்கயும் போவாது."

"நல்ல நாளும் அதுவுமா வேண்டாம்னு பார்க்கறேன். நாளைக்குப் பேசிக்கறேன்."

ஷம்ஷாத் குழந்தையை இழுத்துக்கொண்டு மிஷினுக்குத் திரும்பினாள்.

சாய்நாத் ஏறி உட்கார்ந்தான். "ஹம்சா! இங்கேர்ந்து பார்த்தா கபாலி கோபுரமே தெரியறதுடி!"

"போறும், கிளப்புங்கோ. பன்னெண்டு அடிச்சா ராகு காலம். நான் வீடியோ எடுக்கறேன்."

சாய்நாத் ஸ்டார்ட் பட்டனில் விரல் வைத்தான்.

"இருடா!"

லிஃப்டிலிருந்து இறங்கி, காலை இழுத்து இழுத்து வந்தார் ஸ்ரீரங்கன். வண்டியைச் சுற்ற ஆரம்பித்தார்.

"மாமா, உங்க வண்டி அந்தப் பக்கம் நிக்கறது!"

காதில் வாங்கவில்லை. சுற்றி முடித்தார். முன்னால் வந்தார். பானெட்டுக்கு மேலே தெரிந்த அவர் தலை மெல்ல இறங்கி மறைந்தது.

"ஐயோ, நம்ம வண்டிக்குமா?" என்றாள் ஹம்சா, செல்போனைத் தாழ்த்தாமல்.

"மாமா, நேரமாறது! எழுந்திருங்கோ!"

"இருக்கியா?" என்ற குரல் கேட்டது.

"கீறேன்!"

பம்பருக்கு அடியிலிருந்து வந்தது அந்தப் பதில்.

சாய்நாத் பட்டனிலிருந்து விரலை எடுத்தான். கதவைத் திறந்து குதித்தான்.

ஜுவேரியா தவழ்ந்து வெளியே வந்தாள். கையில், முன்சக்கரத்துக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழம். எழுந்து நின்றாள். பானெட் அவள் தலைக்கு மேலே ஒரு ஜாண் உயரத்தில் இருந்தது.

ஷம்ஷாத் ஓடி வந்து பிள்ளையை அள்ளினாள். அடிக்கக் கை ஓங்கினாள். அடிக்க முடியாமல் அழுதாள்.

"கை குடுடா, எழுந்துக்க முடியலை" என்றார் ஸ்ரீரங்கன்.

சாய்நாத் அவரைத் தூக்கி நிறுத்தினான்.

"தினமும் இவ வண்டிக்கு அடியில இருப்பாளா மாமா?"

"இல்லை. ஒரே ஒரு நாள் என் வண்டிக்கு அடியில இருந்தா. சீட்லேர்ந்து பார்த்தா ஒண்ணும் தெரியலை. அன்னிலேர்ந்து கேட்டுட்டுத்தான் எடுக்கறேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா!"

ஸ்ரீரங்கன் முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். ஷம்ஷாத்துக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"சொல்லியிருந்தா நீ மிஷினைத் தூக்கியிருப்பே."

"ஏன்னா, ராகு காலம் வந்துடுத்து..." என்று இழுத்தாள் ஹம்சா.

சாய்நாத் வண்டியைச் சுற்ற ஆரம்பித்திருந்தான்.