மூன்றாம் வருட முதல் பனி

"ஏமாந்தது நாமதான். ஒத்துக்கோங்கய்யா!" என்றார் வெண்டெல்.

டோரீனின் காபிக் கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். நீலச் சட்டை அணியின் முப்பது வருட ரசிகர் பேசுகிற பேச்சா இது?

வெளியே அந்த வருடத்தின் முதல் பனி அவசரமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. எதிரே இருந்த ஏரியைக் காணோம், தெருவைக் காணோம். ஊரே அரைத்தூக்கத்தில் மிதப்பது போலிருந்தது.

விஷயம் இதுதான். மூன்று வருடம் முன்பு, அமெரிக்கக் கால்பந்து ஆடும் கல்லூரிப் பையன்களை அணிகள் வரிசைப்படி எடுத்துக்கொள்ளும் டிராஃப்ட்டில், எங்கள் நீல அணி தன் முதல் சுற்று வாய்ப்பை மஞ்சள் அணிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்குப் பின்சுற்று வாய்ப்புகள் இரண்டை வாங்கியது. லாபம் யாருக்கு? வெண்டெலும் அடுத்த வீட்டு மஞ்சள் ரசிகர் ஹார்லனும் அன்றே பந்தயம் கட்டினார்கள். மூன்றாம் வருட முதல் பனியன்று டோரீன் தீர்ப்புச் சொல்வாள். தோற்றவர் அந்தக் குளிர்காலம் முழுக்க இரண்டு வீட்டு வாசல் பனியையும் வார வேண்டும்.

இதில் தீர்ப்பு வேறு வேண்டிக்கிடக்கிறதா? மஞ்சள் அணி எடுத்த பையன் முழங்கால் போய் உட்கார்ந்திருக்கிறான். அந்தப் பின்சுற்றில் எங்களுக்கு வந்த டெரல் பந்துக்குத் தாவினால் நான் மூச்சுவிட மறந்துவிடுவேன். பந்து அந்தரத்தில் நிற்கும், அவனும் நிற்பான், அப்புறம்தான் உலகம் நகரும்.

"பந்தோட கோட்டைத் தாண்டி இந்த வருஷம் பதினோரு டச்டவுன்யா! இன்னும் என்ன வேணும்?" என்றேன்.

"டெரல் அடுத்த வருஷம் வேற அணிக்குப் போயிடுவான். அந்தப் பையன் முழங்கால் ஆறினா பத்து வருஷம் ஆடுவான்" என்றார் வெண்டெல்.

"இந்த ஆளுக்கு இன்னிக்குத்தான்யா புத்தி வந்திருக்கு!" ஹார்லன் மேசையைத் தட்டினார். "ஆனா டோரீன் சொல்றதுதான் முடிவு. நான் தோத்தா நாளைக்கே வந்து வாருவேன், வாக்கு வாக்குதான்."

சொல்லிவிட்டு, காரைச் சூடாக்கி வைக்க வெளியே போனார்.

டோரீன் சாக்பீஸை எடுத்தாள். "நீலம்தான். இதுல பேச ஒண்ணுமில்ல."

வெண்டெல் பதறிப்போய் எழுந்து, அவள் காதில் ஏதோ முணுமுணுத்தார். டோரீன் அவர் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு பலகையில் 'மஞ்சள்' என்று எழுதினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொந்த அணியையே காட்டிக்கொடுக்க ஒரு மனுஷனா!

திரும்பி வந்த ஹார்லன், பலகையைப் பார்த்ததும் தொப்பியைச் சுழற்றி ஒரு குட்டி ஆட்டமே போட்டார். "காலைல ஏழு மணிக்கு வந்துடணும் வெண்டெல். தோத்தவன் லேட்டா வரக்கூடாது!"

"வந்து தொலைக்கிறேன்" என்றார் வெண்டெல். இருவரும் பனிக்குள் போய் மறைந்தார்கள்.

"அப்படி என்ன சொல்லி உன்னை மயக்கினான் அந்தத் துரோகி?" என்று டோரீனிடம் பாய்ந்தேன்.

அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன மாசம் ஹார்லனுக்கு நெஞ்சுல ரெண்டு ஸ்டென்ட் வச்சிருக்காங்களாம். அவன் பொண்டாட்டி வெண்டெல் வீட்ல சொல்லி அழுதிருக்கா. பனி வாரினா உயிருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லியும் கேக்கலையாம். உதவிக்கு யாரு போனாலும் விரட்டுறானாம். ஜெயிச்சாத்தான் அவன் சும்மா உக்காருவான்."